பத்து வருஷமா நின்ற புல்லட், கிக்கர் இறங்கல: எஞ்சினைப் பிரிச்சே ஆகணுமா?

கேள்வி, மே 7

அண்ணே, அப்பாவோட 1986 மாடல் புல்லட் 350. பட்டுக்கோட்டை வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகையில நிக்குது. அவர் காலமானதுலேருந்து யாரும் தொடல, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. போன வாரம் மிதிச்சுப் பார்த்தேன், கிக்கர் அரை அங்குலம்கூட இறங்கல. உள்ளூர் மெக்கானிக் "எஞ்சின் ஜாம், இறக்கிப் பிரிச்சு போரிங் போட்டு பிஸ்டன் மாத்தணும்"ங்கிறார். மாமா, ஜீப்புல கயிறு கட்டி இழுத்து கியர்ல போட்டு கிளட்சை விட்டா தானா விட்டுக்கும்ங்கிறார். எதைச் செய்யறது?

மே 7, இரவு

முதலில் கயிற்றை உள்ளே வையுங்கள் தம்பி.

ஜீப் இழுக்கிற இழுப்பு சக்கரம், செயின், கிளட்ச் வழியாக கிராங்கை, அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் அடித்தண்டை, முறுக்கும். மேலே பிஸ்டன் நகராது. நடுவில் அகப்படுவது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. பிஸ்டன் நகர்ந்துவிட்டால் நல்லதுதானே என்று மாமா கேட்பார். இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவில் ஒட்டியிருக்கும், விடுவதற்குப் பதில் ஒடியும். ஒடிந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறும். துருப்பிடித்த சுவரை ஹோனிங் போட்டு, அதாவது லேசாகத் தேய்த்துச் சீராக்கி, காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஆழமாகக் கீறல் விழுந்ததற்கு லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்தான்.

மெக்கானிக் சொன்னது தவறு இல்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் வேண்டாம். ஓடும்போது சூடாகிப் பிடித்த எஞ்சின் வேறு, நின்ற இடத்தில் இறுகிய எஞ்சின் வேறு. முதலாவதில் பிஸ்டனின் அலுமினியம் சுவரில் அப்பியிருக்கும், பிரிக்காமல் முடியாது. இரண்டாவதில் பெரும்பாலும் ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய துரு வளையம்தான் இருக்கும். அதைக் கரைக்கப் பலம் தேவையில்லை, நாள் தேவை.

அப்பா கடைசியாக நிறுத்தியபோது வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா? அதைச் சொல்லுங்கள்.

கேட்டவர், மே 8

நல்லா ஓடிச்சு அண்ணே. அவரே ஓட்டிட்டு வந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டது.

மே 8

அப்படியானால் நம்பிக்கை உண்டு. ஆனால் இறுகியிருப்பது எஞ்சின்தானா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. கிக்கர் இறங்கவில்லை என்றால் எஞ்சின் ஜாம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். புல்லட்டில் கிக்கர் கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாக, பிரைமரி செயின் வழியாகத்தான் கிராங்கைத் தொடுகிறது. நடுவில் எங்கே இறுகியிருந்தாலும் காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு, கையால் கிக்கரை அழுத்துங்கள். இறங்கினால் கிக்கர் பக்கம் சரி, சிக்கல் எஞ்சினில். இறங்காவிட்டால் இரண்டில் ஒன்று: கிக்கர் ராட்செட் மாட்டியிருக்கிறது, அல்லது கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் கிளட்ச் பிரியவே இல்லை. பத்து வருஷம் நின்ற வண்டியில் பிளேட் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சந்தேகம் இருந்தால் இடது பக்கம் பிரைமரி கவரைக் கழற்றுங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். அடியில் தட்டு வையுங்கள், எண்ணெய் கொட்டும். உள்ளே ஆல்டர்னேட்டர் ரோட்டர் நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு இறுக்கும் திசையில் மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள். இது நேராக கிராங்கைத் தொடுகிறது, பொய் சொல்லாது. நீளமான பைப் மாட்டி அழுத்த வேண்டாம். பார்ப்பது மட்டும்தான் இன்றைய வேலை.

மே 8, கொஞ்சம் கழித்து

டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு மிதித்தால் இறங்குமே என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். டீகம்ப்ரஸர் உள்ளே அடைபட்ட காற்றைத்தான் வெளியே விடும். துருவுக்கு அது தெரியாது.

கேட்டவர், மே 10

கவரைக் கழற்றிட்டேன். கிராங்க் நகரல. கிளட்ச் பிளேட்டும் ஒட்டியிருக்கு.

மே 10

சரி, பிஸ்டன்தான். இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். எப்படி விடுவிப்பது என்பதற்கு முன்னால், ஈரம் எந்த வழியாக உள்ளே போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதி வைத்தியம் அதில் இருக்கிறது.

இரண்டு வால்வும் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், பத்து வருஷம் ஆனாலும் சிலிண்டருக்குள் புதுக்காற்று அதிகம் போகாது. ஒரு வால்வு திறந்தபடி நின்றால் ஒவ்வொரு மழைக்காலமும் உள்ளே போய் வரும். பழைய புல்லட்காரர்கள் நாள்கணக்கில் நிறுத்துவதற்கு முன் கிக்கரைக் கம்ப்ரெஷன் தட்டும் இடம் (இரண்டு வால்வும் மூடி, காலுக்கு இறுக்கம் தெரியும் இடம்) வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். என் சித்தப்பா ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைச் செய்வார். காரணம் கேட்டால் "வாயை மூடி வைக்கிறேன்" என்பார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். எளிதாக வராவிட்டால் அதற்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள், பிளக் ஓட்டையின் மரை போனால் அது தனிக்கதை. வலது பக்கம் டேப்பட் மூடியைத் திறந்து வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான இரண்டு புஷ்ராடையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழலும் ராடுக்கு உரிய வால்வு மூடியிருக்கிறது. இறுக்கமாக நிற்பது திறந்திருக்கிறது. இந்த எஞ்சினில் டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் விரலுக்கே தெரியும்.

எக்ஸாஸ்ட் திறந்திருந்தால் சைலன்சர் பெண்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். குளவிக்கூடு இருக்கலாம். மண்ணை எடுத்துவிட்டுத்தான் எண்ணெய் விடணும்.

மே 11

என்ன எண்ணெய், எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நான் விடுவது டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் பாதிக்குப் பாதி. ஏ.டி.எஃப். என்றால் கடையில் பவர் ஸ்டீரிங் ஆயில் என்று கேட்டாலும் தரும் சிவப்பு எண்ணெய். அசிட்டோனும் ஏ.டி.எஃப்.பும் கலந்தால்தான் வேகம் என்று ஒரு கூட்டம் உண்டு. சின்ன நட்டு போல்ட்டுக்கு அது நல்ல கலவை. சிலிண்டருக்குள் எனக்குப் பிடிக்காது. இரண்டும் ஒட்டாமல் பிரியும், அசிட்டோன் ஆவியாகிவிடும், மிஞ்சுவது ஏ.டி.எஃப். மட்டும். கொட்டகைக்குள் அந்த ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும்.

அளவு: இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. ஆக 40 மி.லி. விட்டாலே தலைக்கு மேல் ஒரு செ.மீ. நிற்கும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ஏற்றுங்கள். வால்வு இரண்டும் மூடியிருந்தால் இதில் இன்னொரு பயனும் உண்டு. 60, 80 மி.லி.யிலேயே நிரம்பி வழிந்தால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. அடியில் நின்றால் 400ஐத் தாண்டியும் வாங்கும். பிளக் ஓட்டை சாய்வு என்பதால் இது துல்லியக் கணக்கு அல்ல, மேலா நடுவா கீழா என்று சொல்லும், அது போதும்.

தினமும் மட்டத்தைப் பாருங்கள். குறையவே இல்லை என்றால் ரிங்கைச் சுற்றி முழுசாக அடைத்திருக்கிறது. மெல்லக் குறைந்தால் வழி கிடைத்துவிட்டது.

மே 12

வீட்டில் அம்மா "வண்டிக்கு எண்ணெய்க் குளியலா?" என்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். எண்ணெய்க் குளியலில் ஊறல்தான் விஷயம், அதை மட்டும் சுருக்கக்கூடாது.

மே 14

சூடு காட்டலாமா என்ற கேள்வி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மொத்தமும் நிதானமாகச் சூடானால் பிஸ்டன் இன்னும் இறுகத்தான் செய்யும். அப்புறம் ஏன் சூடு காட்டினால் விடுகிறது என்கிறார்கள்? சூடாகி ஆறுகிற ஒவ்வொரு முறையும் அந்தத் துரு வளையம் கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது, ஆறும்போது எண்ணெய் இடுக்கில் இறங்குகிறது. விடுவிப்பது அந்தப் போக்குவரத்துதான்.

இதற்கு புளோ லாம்ப் தேவையே இல்லை. உள்ளே டீசல் நிற்கும் எஞ்சினில் தீ காட்டுவது பெரிய ஆபத்து. இப்போது அக்னி நட்சத்திரம். பகலில் வண்டியை வெயிலில் நிறுத்துங்கள், ராத்திரி ஆறட்டும். இந்த மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலைவிட நல்ல உதவியாள் கிடைக்க மாட்டார். பிளக் ஓட்டையில் துணி அடைக்க மறக்க வேண்டாம்.

மே 18

இப்போதுதான் அசைக்கும் வேலை. ஒட்டிய கிளட்ச் பிளேட் இப்போதைக்கு நமக்கு உதவி, நழுவாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டாப் கியரில் போடுங்கள் (1 மேலே, மற்றது கீழே; பின் சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே மாற்றினால்தான் விழும்). பின் சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் ஆட்டுங்கள். ஏன் டாப் கியர், ஃபர்ஸ்டில்தானே பலம் அதிகம் என்று கேட்பீர்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும்போது அது சரி. இங்கே சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, கணக்கு தலைகீழ். ஃபர்ஸ்டில் போட்டால் உங்கள் கைப்பலம் கிராங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும்.

பத்துப் பதினைந்து ஆட்டு, விடு, மறுநாள். நகர்ந்தால் போதும் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அதே தூரம் திரும்பப் பின்னால் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு, நிறுத்துங்கள். அந்த மயிரிழையில்தான் துருத்தூள் கிளம்புகிறது. தூள் வெளியேற இடம் கொடுக்காமல் மேலே போனால் அதுவே ரிங்கை மறுபடி ஆப்படித்துப் பிடிக்கும்.

மே 19

பிஸ்டன் நடுவில் நிற்கிறது என்று அளவில் தெரிகிறது, உச்சியில் நின்றிருந்தால் இன்னும் கஷ்டமோ என்ற கேள்வி. நேர் எதிர். கிராங்கைத் திருப்பி விடுவிப்பதாக இருந்தால் உச்சியிலும் அடியிலும் நிற்பதுதான் வசதி. அந்த இடங்களில் கிராங்க் கொஞ்சம் திரும்பினால் பிஸ்டன் மிக மிகக் குறைவாக நகரும். அதனால் சின்ன முறுக்குக்கே பிஸ்டன் மேல் பெரிய தள்ளு விழும். நடுவில் நின்றால் அந்த நெம்பு இல்லை.

மேலிருந்து தட்டுவதென்றால் இதே கணக்கு திரும்பிவிடும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, வேப்பங்கட்டையைப் பிஸ்டன் தலையில் வைத்துத் தட்டுவது பழைய முறை. பிஸ்டன் நடுவில் நின்றால் மட்டும் அது பலிக்கும். உச்சியில் அல்லது அடியில் நிற்கும்போது தட்டினால் ராடு நேர்க்கோட்டில் நிற்கும், கிராங்க் திரும்பவே திரும்பாது, அடி முழுவதும் பிக் எண்டில், அதாவது ராடு கிராங்கோடு சேரும் கீழ்முனை பேரிங்கில், போய் விழும். "பிஸ்டன் விட்டுக்கிச்சு, ஆனா ஓட்டினா டக் டக்குன்னு சத்தம்" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இப்படி அடித்த கதை இருக்கும். சுத்தியலை எடுப்பவர் முதலில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று சொல்லட்டும், பிறகு ஓங்கட்டும்.

நம் வண்டிக்குக் கட்டை இன்னும் வேண்டாம். எண்ணெய் மட்டம் குறைகிறது என்கிறீர்களே, விட்டுக்கொள்ளும்.

மே 23

நடுவில் ஒருவர் அம்பாசடர் காரைப் பற்றிக் கேட்கிறார். 1489 சி.சி. பெட்ரோல், ஆறு வருஷம் நின்றது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு சிலிண்டர் வண்டியில் வாயை மூடி நிறுத்த வழியே இல்லை. எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் இன்லெட்டோ எக்ஸாஸ்ட்டோ திறந்துதான் இருக்கும். இறுகுவது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டில்தான், நாலிலும் அல்ல. நாலு பிளக்கையும் எடுத்து நாலிலும் எண்ணெய் விடுங்கள். எதில் மட்டம் குறையவில்லையோ அதுதான் ஆள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்து ஒரு பிளக் மட்டும் துருவேறி வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹெட்டை இறக்கியே ஆகணும்.

அதற்கு முன் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துங்கள். இறுகியது வாட்டர் பம்ப்பாகக்கூட இருக்கலாம். செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் ஜாம் போலவே இருக்கும். பழைய செல்ஃபில் பின்முனையில் சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பினியன் விடுபடும். எஞ்சினையே பிரிக்கக் கூலி பேசிய வண்டி இப்படி ஒரு ஸ்பேனரில் விட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இறுகிய எஞ்சினில் செல்ஃபை அழுத்திப் பார்க்க வேண்டாம், சுருள் எரியும்.

மே 23, இரவு

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மேலே சொன்ன பொறுமை பொருந்தாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகளை, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தே கெடுத்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வந்தால் ராடு வளையும். அங்கே முதல் வேலை பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே எடுத்து, அன்றைக்கே எண்ணெய் விடுவது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் துருவுக்கு லாபம். கடல் தண்ணீர் என்றால் நாள் இல்லை, மணிதான்.

கேட்டவர், ஜூன் 1

அண்ணே விட்டுக்கிச்சு!! காலையில சக்கரத்தை ஆட்டும்போது சத்தமே இல்லாம நகர்ந்துச்சு. அம்மா ஓடி வந்து பார்த்தாங்க. மிதிச்சு ஸ்டார்ட் பண்ணவா?

ஜூன் 1

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிதிக்காதீங்க.

பிளக் இல்லாமலேயே சக்கரத்தால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், எண்ணெய் பீச்சும். ஒரு சாக்கைப் போர்த்துங்கள். சுற்றும்போது இரண்டு புஷ்ராடும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு தண்டு கைடில் (அது ஏறி இறங்கும் குழலில்) ஒட்டியிருந்தால் ஒரு ராடு தளர்ந்து நிற்கும். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் புஷ்ராடு வளையும். வால்வு தண்டில் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், அதுவும் இறங்கும்.

போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா யாரிடமாவது இருந்தால் வாங்கி சுவரைப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை பரவாயில்லை. நகத்தில் தட்டும் அளவு குழி ஒரே மட்டத்தில் வளையமாக இருந்தால் புகை வரும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 2

அடுத்தது எண்ணெய். நாம் விட்ட டீசல் எல்லாம் ரிங்கைத் தாண்டி கீழே கிராங்க் கேஸில்தான் இருக்கிறது. போதாததற்கு, இந்த எஞ்சின் நீண்ட நாள் நின்றால் அதன் ஆயில் டேங்கில் இருக்கும் எண்ணெயும் மெல்லக் கசிந்து கீழே இறங்கிவிடும். அடியிலுள்ள டிரெயின் பிளக் எல்லாவற்றையும் கழற்றி முழுசாக வடியுங்கள், ஃபில்டர் மாற்றுங்கள், 20டபிள்யூ50 புதிதாக ஊற்றுங்கள்.

பத்து வருஷம் காய்ந்த பிக் எண்டுக்கு எண்ணெய் போய்ச் சேராமல் ஸ்டார்ட் செய்வதுதான் இந்த வேலையில் மிச்சமிருக்கும் பெரிய ஆபத்து. பிஸ்டனை விடுவித்துவிட்டு இங்கே கோட்டை விட்டவர்கள் அதிகம். கிளட்ச் பிளேட்டைக் கழுவி மாட்டிய பிறகு, பிளக் இல்லாமல் கிக்கரை நிதானமாக, நிறைய முறை மிதியுங்கள். மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் சின்னக் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் எண்ணெய் வருவது கண்ணுக்குத் தெரியும். வராமல் பிளக்கை மாட்ட வேண்டாம்.

பெட்ரோல் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துக் கழுவுங்கள். கார்புரேட்டர் ஜெட், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் வழக்கமான வேலைதான், மெக்கானிக்கிடமே கொடுங்கள். பிரேக் ஷூவையும் டயரையும் அவர் பார்க்கட்டும். அவர் நல்ல வேலைக்காரர் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது.

ஜூன் 9

ஒருவர்: "இதெல்லாம் எதுக்கு, மாசம் ஒரு தடவை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டா போதுமே."

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், ஆவியாக. எஞ்சின் நன்றாகச் சூடானால் அது சைலன்சர் வழியே போய்விடும். இரண்டு நிமிஷத்தில் அணைத்தால் சைலன்சரிலும் கிராங்க் கேஸிலும் குளிர்ந்து தங்கும். மாதாமாதம் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். ஓட்டுவதென்றால் 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடாதீர்கள்: பிளக் வழியாகக் கொஞ்சம் எண்ணெய், கம்ப்ரெஷனில் நிறுத்தம், சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி, டேங்க் காலி. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைக்க அது உகந்தது அல்ல.

ஜூன் 10

நினைவு வந்தது. வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. சொந்த வாகனத்துக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வீட்டில் எங்கோ இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள். ரோட்டில் ஏற்றுவதற்கு முன் இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர், ஜூன் 29

நேத்து ஸ்டார்ட் ஆச்சு. ஐடிலிங் அப்பா காலத்து மாதிரியே நிக்குது. ஆனா நீலப் புகை வருது அண்ணே. மெக்கானிக், "நான் முதல்லயே சொன்னேன்ல, போரிங்" ங்கிறார்.

ஜூன் 29, இரவு

அவர் சொல்வது நடக்கலாம், ஆனால் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். நாள்பட நின்ற ரிங் காடியில் ஒட்டியிருக்கும், ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சைலன்சரில் நாம் விட்ட எண்ணெயும் எரிந்துகொண்டிருக்கும். வால்வு கைடு வழியாக வரும் புகையும் உண்டு. அது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும்போது குப்பென்று வரும். தொடர்ந்து ஏறும்போது வந்துகொண்டே இருப்பது ரிங் பக்கம்.

காகித வேலை முடிந்ததும் ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள், எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொண்டே. முதல் நூறிலேயே எண்ணெயை ஒருமுறை மாற்றிவிடுங்கள், துருத்தூள் அதில்தான் இருக்கும். புகை குறைந்துகொண்டே வந்தால் அப்படியே விடுங்கள். குறையவில்லை என்றால் பேரலை (சிலிண்டரை) அவரிடமே கொடுங்கள், இந்தமுறை நான் தடுக்க மாட்டேன். ஆனால் லேத்துக்கு அனுப்பும் முன் போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். 70 மி.மீ. அளவுக்கு நெருக்கமாக எல்லாம் ஒத்து வந்தால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும், அப்பா ஓட்டிய பிஸ்டனே அதில் இருக்கட்டும்.